கூடத்தில் சிறுநீர் கழிக்கும் நாய்: அதன் தட்டையும் பாருங்கள்

வளர்ந்த நாய் ஒன்றை ஆசையாக வீட்டுக்குள் சேர்த்துவிட்டு, சில நாளிலேயே திரும்பத் தெருவில் விடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே காரணத்தைத்தான் சொல்கிறார்கள்: கூடத்திலேயே மூத்திரம் போகிறது. மீன்பிடித் துறைமுகத்தை ஒட்டிய புதுச்சேரித் தேங்காய்த்திட்டில் இதற்கு ஒரு சமாதானமும் எளிதாகக் கிடைத்துவிடுகிறது. துறைமுகப் பக்கம் விட்டால் மீன் கழிவைத் தின்று பிழைத்துக்கொள்ளுமாம். வளர்த்த விலங்கைப் பசியிலும் தாகத்திலும் வாடும்படி கைவிடுவது 1960ஆம் ஆண்டு மிருகவதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆவது பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரைதான். அந்தத் தொகையை இத்தனை ஆண்டுகளாகத் தொடாமல் விட்டிருப்பது ஆட்சியாளர்களின் அலட்சியம். அதைக் காட்டி நாமும் அலட்சியமாக இருக்க முடியாது. தெருநாய் வழக்கில் 22.8.2025 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு, தத்தெடுக்க விரும்புகிறவர் நகராட்சியிடம் விண்ணப்பிக்கலாம் என்றது. எடுத்த நாய் மறுபடி தெருவுக்குப் போகாமல் பார்த்துக்கொள்வது எடுத்தவரின் பொறுப்பு என்றும் சேர்த்தே சொன்னது. ஆக, தரை நனையும் சிக்கலை வீட்டுக்குள்தான் தீர்த்தாக வேண்டும். அதைத் தீர்க்கவும் முடியும். அந்த ஈரத்துக்குக் காரணம் திமிர் அல்ல, பெரும்பாலும் நோய், நேரம் தவறிய சோறு, பொருந்தாத தீனி இவற்றில் ஒன்றுதான்.

முதலில் நோய். ஒழுங்காக இருந்த நாய் திடீரென வீட்டை அசுத்தம் செய்தால் பிரம்பைத் தேடாதீர்கள், சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். சிறுநீர்த் தொற்று, சிறுநீரகக் கோளாறு, சர்க்கரை நோய் எல்லாமே இப்படித்தான் தலைகாட்டும். கருத்தடை செய்த பெண் நாய் சிலவற்றுக்குத் தூக்கத்தில் தானாகவே சொட்டும். அது பழக்கக் குறையே அல்ல, மருந்துக்குக் கட்டுப்படுகிற விஷயம். நாய் எவ்வளவு தண்ணீர் குடிக்கிறது என்று ஒரு நாள் அளந்து பாருங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிக்கு மேல், அதாவது 15 கிலோ நாய் ஒன்றரை லிட்டரைத் தாண்டிக் குடித்தால் மருத்துவரிடம் போயே ஆகவேண்டும். வீட்டை நனைக்கிறது என்று தண்ணீரை நிறுத்துவது கொடுமை, புதுச்சேரி வெயிலில் ஆபத்தும்கூட. இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். எலிக்காய்ச்சல் கிருமி நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும். மழை நீர் தேங்கும் தாழ்வான பகுதிகளில் இந்தப் பயம் கூடுதல். கையுறை இல்லாமல் துடைக்காதீர்கள், தடுப்பூசியை ஆண்டுதோறும் போடுங்கள்.

பரிசோதனைக்குப் போகிறவர்கள் செய்யும் தவறு, நாயை மட்டும் கூட்டிக்கொண்டு வெறுங்கையோடு போவது. காலையில் முதல் சிறுநீரைச் சுத்தமான மூடி போட்ட டப்பாவில் பிடித்து ஒரு மணி நேரத்துக்குள் கொடுங்கள். தாமதமானால் குளிர்பெட்டியில் வையுங்கள். புதிய மலத்திலும் கொஞ்சம் எடுத்துச் செல்லுங்கள். குடற்புழு இருக்கிறதா என்று அதில்தான் தெரியும். பக்கத்து அரசு கால்நடை மருந்தகத்தில் வசதி இல்லை என்று திருப்பி அனுப்பினால் அதோடு விட்டுவிடாமல் குருமாம்பேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகலாம். கொடுக்கும் ஓ.பி. சீட்டையும், மருத்துவரின் முத்திரையும் பதிவு எண்ணும் உள்ள தடுப்பூசி அட்டையையும் பத்திரமாக வையுங்கள். வீட்டு உரிமையாளரோ குடியிருப்புச் சங்கமோ தகராறு செய்யும்போது வாய்ப்பேச்சு எடுபடாது, இந்தக் காகிதங்கள்தான் பேசும். வளர்ப்பு நாயே கூடாது என்று குடியிருப்புச் சங்கங்கள் விதி போட முடியாது என 2015இலேயே விலங்கு நல வாரியம் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. அதற்காகப் பக்கத்து வீட்டுக் கோலத்தின் மேல் நாய் போனதைத் துடைக்காமல் நடந்துவிடும் உரிமை யாருக்கும் வந்துவிடவில்லை.

நோய் இல்லை என்று உறுதியானால் அடுத்தது நேரம். வயதான நாய்க்குப் பழக்கம் வராது என்பார்கள். உண்மையில் குட்டியைவிட வளர்ந்த நாய்க்கு அடக்கும் திறன் அதிகம், அதனால் வேலை எளிது. தெருவில் மண்ணிலும் புல்லிலும் போய்ப் பழகிய நாய்க்கு டைல்ஸ் தரை புரியாது, அவ்வளவுதான். தட்டை நாள் முழுக்க நிரப்பி வைக்காமல் காலையும் மாலையும் குறித்த நேரத்தில் போட்டு, 20 நிமிடத்தில் எடுத்துவிடுங்கள். வயிற்றில் சோறு விழுந்தால் குடல் அசையத் தொடங்கும். சாப்பிட்ட கால் மணி, அரை மணிக்குள் வெளியே கூட்டிப்போனால் காரியம் அங்கேயே முடியும். எழுந்தவுடனும் படுக்கும் முன்பும் இதே போல, தினமும் ஒரே இடத்துக்கு. வீட்டில் துடைத்த துணியை அந்த இடத்தில் போட்டு வைத்தால் வாசனை பிடித்து நாயே வழி காட்டும். போய் முடித்த மறுகணம், அங்கேயே, ஒரு துண்டு கோழிக்கறி கொடுங்கள். வீட்டுக்கு வந்தபின் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்று அதற்குத் தெரியாது. அடித்தால்தான் புத்தி வரும் என்கிறவர்களுக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. நடந்து முடிந்ததற்கு அடித்தால், உங்கள் கண்ணெதிரே போகக்கூடாது என்று மட்டுமே அது கற்றுக்கொள்ளும். பிறகு கட்டிலுக்கடியில் போகும். பயந்த நாய் மிரட்டலைக் கண்டாலே சொட்டவிடும். மூக்கைத் தேய்க்காதீர்கள், அடிக்காதீர்கள். நனைந்த இடத்தில் பினாயிலும் ஊற்றாதீர்கள். அது நாய்க்கு நஞ்சு, பழைய வாடையை முழுதாகப் போக்குவதும் இல்லை. நாய்ப்பொருள் கடைகளில் என்சைம் கலந்த கிளீனர் கிடைக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

மூன்றாவது தீனி. நேரம் பார்த்துக் கூட்டிப்போயும் பலிக்கவில்லை என்றால் குடல் கலங்கியிருக்கலாம். தெருநாய்தானே, எதையும் தின்னும் என்பது தவறான கணக்கு. பால் பல வளர்ந்த நாய்களுக்குச் செரிக்காது, வயிற்றுப்போக்கில் முடியும். சாம்பாரிலும் பிரியாணியிலும் உள்ள வெங்காயமும் பூண்டும் வெந்தாலும் நஞ்சுதான். இரத்தச் சிவப்பணுக்களை உடைத்துச் சிறுநீரைக் காப்பிக் கலராக்கும். திராட்சையும் பாயசத்து உலர்திராட்சையும் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். வெந்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். எலும்பும் முள்ளும் நீக்கி வேகவைத்த கறி, மீன், சோறு நல்லதுதான், ஆனால் அதில் சுண்ணாம்புச் சத்து போதாது. மருத்துவரைக் கேட்டு அதைச் சேர்க்க வேண்டும். எந்த மாற்றத்தையும் ஒரே நாளில் செய்யாமல் 7 முதல் 10 நாளில், பழையதைக் குறைத்துப் புதியதைக் கூட்டி மாற்றுங்கள்.

பை உணவு வாங்குகிறவர்கள் மூட்டையைப் பிரித்து லூஸாக நிறுத்துத் தரும் கடைகளில் வாங்காதீர்கள். விலை குறைவு என்பது உண்மைதான். ஆனால் கடற்காற்றில் திறந்து கிடக்கும் தீனியின் கொழுப்பு சீக்கிரம் சிக்குப் பிடிக்கும். அதைவிட முக்கியமாக, நாய்க்கு ஏதாவது ஆனால் உங்கள் கையில் ஆதாரமே இருக்காது. உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் ஓடியும் பயனில்லை. உணவுப் பாதுகாப்புச் சட்டம் உணவு என்பதற்குத் தரும் விளக்கத்திலேயே விலங்குத் தீவனம் விலக்கப்பட்டிருக்கிறது. உங்களுக்குள்ள வழி நுகர்வோர் சட்டம். பில்லை வாங்குங்கள். பையில் உள்ள உற்பத்தி மாதம், பேட்ச் எண், தயாரிப்பாளர் முகவரி ஆகியவற்றைப் படம் எடுங்கள். மீதித் தீனியைப் பையோடு கட்டிக் குளிர்பெட்டியில் வையுங்கள். தின்ற நேரமும் வாந்தி தொடங்கிய நேரமும் மருத்துவரின் சீட்டில் எழுதப்பட வேண்டும். நாய் இறந்துவிட்டால் புதைப்பதற்கு முன் பிரேதப் பரிசோதனை கேளுங்கள், புதைத்தபின் கேட்டுப் பயனில்லை. பிறகு நிறுவனத்துக்கு எழுத்தில் புகார், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை. காலக்கெடு 2 ஆண்டு. பில் இல்லாமல் போனால் இதையெல்லாம் நிரூபிப்பது கடினம்.