கப்பலைக் கண்டால் போதுமா?

புதுச்சேரியிலிருந்து கடலூருக்குச் செல்லும் பெருஞ்சாலையில், அரியாங்குப்பத்தைக் கடந்து சற்றுத் தெற்கே சென்றால் தவளக்குப்பம் வருகிறது. அங்கே சிறு பட்டறை வைத்திருக்கும் ஒருவர், ஐரோப்பாவிலிருந்து ஒரு யந்திரத்தைத் தருவிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பணத்தில் பெரும்பகுதியை முன்னரே அனுப்பிவிட்டார், சரக்கும் கப்பலேறிவிட்டது. காலையில் எழுந்ததும் அவர் கைப்பேசியைத் திறந்து, உலகப் படத்தின்மீது அம்புக்குறி போல் நகரும் கப்பலைப் பார்க்கிறார். நேற்று அரபிக்கடலில் இருந்தது, இன்று கன்னியாகுமரிக்குத் தெற்கே இருக்கிறது, நாளை கொழும்பு. மனம் குளிர்கிறது. ஆனால் அதன்பின் பத்து நாள் கழிந்தும் யந்திரம் வந்தபாடில்லை. பாங்கின் வட்டி நிற்கவில்லை. வேலையாட்களின் கூலி நிற்கவில்லை. வாடிக்கைக்காரர் மட்டும் பொறுமை இழந்து வேறிடம் செல்கிறார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். இவருக்கோ, கண்ணுக்கு எட்டியது கைக்கே எட்டவில்லை.

கடல் கடந்து வரும் சரக்குக்காகக் காத்திருப்பது இப்பிரதேசத்துக்குப் புதிதன்று. தவளக்குப்பத்துக்கு வடக்கே, அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் அங்கே அகழ்ந்து பார்த்தபோது, இத்தாலி தேசத்து மட்கலங்களும் மது ஜாடிகளின் உடைந்த பகுதிகளும் கிடைத்தன. ஏறக்குறைய 2,000 ஆண்டுகளுக்கு முன் அச்சரக்கை அனுப்பியவரும் பெற்றவரும் பருவக்காற்றை நம்பி வியாபாரம் செய்தவர்கள். ஒரு பருவத்தைத் தவறவிட்டால் மறு பருவம் வரையில் காத்திருக்க வேண்டியதுதான். தாமதம் நேரும் என்பதை எதிர்பார்த்தே அவர்கள் கணக்கிட்டார்கள்.

பதினெட்டாம் நூற்றாண்டிலும் அப்படியே. ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரையில் எழுதிவந்த தினசரிக் குறிப்பில், கப்பல் வந்த செய்தியும் பீரங்கி வேட்டுகளின் முழக்கமும் அடிக்கடி வருகின்றன. பிரெஞ்சுக் கம்பெனியின் வியாபாரம் ஐரோப்பாவிலிருந்து வரும் வெள்ளியைக் கொண்டே நடந்தது. கப்பல் வராவிட்டால் வெள்ளி இல்லை. வெள்ளி இல்லாவிட்டால் துணிக்கு முன்பணம் இல்லை. முன்பணம் இல்லாவிட்டால் உள்நாட்டில் நெசவாளியின் தறிக்கும் வேலை இல்லை. கடலில் ஒரு கப்பல் தாமதித்தால் அதன் துன்பம் கரையிலுள்ள கடைசி மனிதன் வரையில் இறங்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டுமா?

அந்நாளில் கப்பல் தொடுவானத்தில் தோன்றும் வரையில் அது எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. இன்றோ, அந்த அறியாமை பெரும்பாலும் நீங்கிவிட்டது. சர்வதேசப் பிரயாணம் செய்யும் 300 டன்னுக்கு மேற்பட்ட கொள்ளளவுள்ள கப்பல்கள் அனைத்தும் ஏ.ஐ.எஸ். என்னும் தானியங்கி அடையாளக் கருவியைத் தாங்கவேண்டும் என்பது, 2004 டிசம்பர் 31-ஐக் கெடுவாகக் கொண்டு சர்வதேச விதியாயிற்று. கப்பலின் பெயர், எண், இருப்பிடம், வேகம், செல்லும் திசை ஆகியவற்றை அக்கருவி வானொலி அலையில் ஓயாமல் அறிவிக்கிறது. ஓடும்போது சில விநாடிகளுக்கு ஒருமுறையும், நங்கூரமிட்டிருக்கும்போது மூன்று நிமிஷத்துக்கு ஒருமுறையும் செய்தி வருகிறது. கரையோர நிலையங்கள் சில பத்து மைல் தூரம் வரையில் இதை ஏற்கின்றன; நடுக்கடலில் செயற்கைக்கோள்கள் ஏற்கின்றன. கப்பலோடு கப்பல் மோதாதிருக்கச் செய்த இக்கருவிதான் இன்று வர்த்தகரின் கண்ணாகவும் உதவுகிறது.

எனினும் இக்கண்ணுக்கும் குறை உண்டு. இருப்பிடத்தைக் கருவி தானே அறிவிக்கிறது. சேரும் துறைமுகத்தையும் சேரும் நாளையும் கப்பலிலுள்ள மாலுமி கையால் பதிக்கிறார். பழைய தேதியை அவர் மாற்ற மறந்தால் உலகமெல்லாம் பழைய தேதியையே படிக்கும். ஆபத்தான கடலில் கருவியை நிறுத்திவிட்டுச் செல்லும் கப்பல்களும் உண்டு. மேலும், அது காட்டுவது கப்பலை. நமது பெட்டியை அன்று. ஆழமான கன்டெய்னர் துறைமுகம் இல்லாத புதுச்சேரிக்கு வரும் பெட்டிகள் சென்னை, காட்டுப்பள்ளி போன்ற இடங்களில் இறங்கித் தரைவழியே வருகின்றன. அவற்றிலும் பல, கொழும்பிலோ சிங்கப்பூரிலோ பெரிய கப்பலிலிருந்து இறக்கப்பட்டு வேறொரு கப்பலுக்காகக் காத்துக் கிடக்கின்றன. தவளக்குப்பத்து நண்பர் பார்த்த அம்புக்குறி கொழும்பைத் தாண்டி எங்கோ போய்விட்டது. அவருடைய பெட்டி கொழும்புத் துறையிலேயே நிற்கிறது! ஆகவே கப்பலின் பெயரை மட்டும் தொடர்வது போதாது. நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் கொண்ட பெட்டியின் எண்ணையும், ‘பில் ஆஃப் லேடிங்’ என்னும் சரக்கு ரசீதின் எண்ணையும் கொண்டு கப்பல் கம்பெனியிடமே விசாரிக்கவேண்டும்.

இருப்பிடம் தெரிந்துவிட்டால் எல்லாம் முடிந்துவிடாது என்பதை உலகத்துக்கே உணர்த்தியது ‘எவர் கிவன்’ கப்பல். 400 மீட்டர் நீளமுள்ள அக்கப்பல் சுமார் 18,300 பெட்டிகளுடன் 2021 மார்ச் 23-ஆம் தேதி சூயஸ் கால்வாயின் குறுக்கே சிக்கிக்கொண்டது. ஆறு நாள் கால்வாய் அடைபட்டது. 400-க்கு மேற்பட்ட கப்பல்கள் இருபுறமும் காத்து நின்றன. 29-ஆம் தேதி கப்பல் மிதந்தது. அத்துடன் துன்பம் தீர்ந்ததா? நஷ்டஈட்டு வழக்கில் ஜூலை 7-ஆம் தேதி வரையில் அது கால்வாயின் நடுவிலுள்ள ஏரியில் தடுத்து வைக்கப்பட்டது. ராட்டர்டாம் துறைமுகத்தை அடைந்தது ஜூலை 29-ஆம் தேதி. நான்கு மாத காலம் உலகிலுள்ள சிறு குழந்தையும் அக்கப்பலின் இருப்பிடத்தை அறிந்திருந்தது. ஆனால் அதிலிருந்த ஒரு பெட்டியையேனும் அந்த அறிவு ஒரு நாள் முன்னதாகக் கொண்டுவந்ததா? அதுவுமன்றி, கப்பல் உடையவர் பொது நஷ்டப் பங்கீட்டை அறிவித்தமையால், மீட்புச் செலவில் சரக்குக்காரர்களும் பங்கு ஏற்கவேண்டியதாயிற்று.

2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படத் தொடங்கின. பெரிய கம்பெனிகள் பல, சூயஸை விட்டு நன்னம்பிக்கை முனையைச் சுற்றிச் செல்லலாயின. ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் இடையே இதனால் சுமார் 3,500 கடல் மைல் கூடிற்று. பிரயாணம் ஏறக்குறைய பத்து நாள் நீண்டது. 1869-இல் சூயஸ் திறக்கப்படுமுன் ஆனந்தரங்கப் பிள்ளை எதிர்பார்த்திருந்த கப்பல்கள் எவ்வழியே வந்தனவோ, அவ்வழிக்கே நமது காலத்துக் கப்பல்களும் திரும்பின. விஞ்ஞானம் எவ்வளவு வளர்ந்தும் யுத்தமும் புயலும் கடல்வழியை மாற்றிவிடுகின்றன. தாமதத்தை அடியோடு ஒழிக்க முடியாது. அதற்கு முன்கூட்டியே ஆயத்தமாக இருக்க மட்டுமே முடியும்.

செய்தியும் ஆயத்தமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்குத் தவளக்குப்பத்துக்கு அருகிலேயே உதாரணம் இருக்கிறது. கிழக்கே கடற்கரையில் உள்ள நல்லவாடு மீனவர் கிராமம் அது. எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரிக் கிராமங்களில் 1998 முதல் அமைத்துவந்த செய்தி நிலையங்களில் ஒன்று அங்கே இருந்தது. கடல் அலையின் நிலையை ஒலிபெருக்கியில் தமிழில் அறிவிப்பது இத்தகைய நிலையங்களின் வழக்கம். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி, சிங்கப்பூரில் வேலை செய்துவந்த அவ்வூர்க்காரர் ஒருவர் ஆழிப்பேரலைச் செய்தியைக் கண்டு வீட்டுக்குத் தொலைபேசியில் சொன்னார். ஊரார் நிலையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் எச்சரித்தார்கள், ஜனங்கள் வெளியேறினார்கள். வீடுகளும் படகுகளும் அழிந்தன. ஆனால் உயிர்கள் பிழைத்தன. செய்தி ஒன்று, அதை ஊருக்குச் சொல்லும் சாதனம் மற்றொன்று, கேட்டதும் காலெடுத்து நடக்கும் ஜனங்கள் மூன்றாவது. மூன்றில் எது குறைந்தாலும் மற்ற இரண்டும் பயன்பட்டிருக்குமா? உயிரைப் பற்றிய இந்தப் பாடம் பொருளுக்கும் பொருந்தும்.

வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும். சிறு வர்த்தகர்கள் முதலில் ஒப்பந்தத்தைப் படிக்கவேண்டும். ‘சி.ஐ.எஃப்.’ முறையில் வாங்கினால், சரக்கைக் குறித்த நாளில் கப்பலேற்றிக் கூலியும் இன்ஷூரன்ஸும் கட்டியவுடன் விற்றவரின் பொறுப்பு பெரும்பாலும் தீர்ந்தது. அதன்பின் கடலில் நேரும் தாமதம் வாங்கியவர் தலையில் விழுகிறது. இன்ஷூரன்ஸ் இருக்கிறதே என்று நினைப்பதும் பிழை. தாமதத்தினால் விளையும் நஷ்டத்துக்கு, ஒப்பந்தத்தில் தனியாகச் சொல்லியிருந்தாலன்றி, இன்ஷூரன்ஸ் கம்பெனி பொறுப்பன்று என்று 1963-ஆம் ஆண்டின் கடல் இன்ஷூரன்ஸ் சட்டமே சொல்கிறது. கப்பல் வந்தபின் பத்திரம் தேடுவது இன்னொரு பெருந்தவறு. சுங்க இலாகாவுக்குரிய ‘பில் ஆஃப் என்ட்ரி’யைக் கப்பல் வருவதற்கு முந்தின நாளுக்குள் தாக்கல் செய்யவேண்டும் என்பது 2021-இல் வந்த பொது விதி. கடலில் கழிந்த நாட்களை நாம் தடுக்க முடியாது. கரையில் நமது அசிரத்தையால் கழியும் நாட்களையும், அவற்றுக்காகக் கட்டும் வாடகையையும் தடுக்கலாம் அன்றோ? இவற்றோடு, இன்றியமையாத மூலப்பொருளில் சில வார இருப்பு வைப்பதும், தாமதம் தெரிந்த அன்றே வாடிக்கைக்காரருக்குச் சொல்லிவிடுவதும் அவசியம். பத்து நாள் தாமதத்தை மன்னிப்பவர்கள்கூட ஒரு நாள் மௌனத்தை மன்னிப்பதில்லை.

கப்பல் கம்பெனிகளுக்கும் அவற்றின் ஏஜெண்டுகளுக்கும் கடமை உண்டு. ஆயிரம் பெட்டி அனுப்பும் பெரிய முதலாளிக்கு உடனே தெரியும் செய்தி, ஒரு பெட்டி தருவிக்கும் எளியவருக்குக் கடைசியில்தான் தெரிகிறது. வழி மாறியதையும், கப்பல் மாறியதையும், புதிய தேதியையும் அவர் கேளாமலே அறிவிப்பதும், அவர் குற்றமின்றி நேர்ந்த தாமதத்துக்கு அவரிடமே கட்டணம் வசூலிக்காதிருப்பதும் நியாயம். புதுச்சேரி அரசாங்கத்தாரும் வர்த்தக சங்கங்களும் சேர்ந்து, சிறு தொழிலாளருக்குத் தமிழில் ஆலோசனை சொல்லும் நிலையம் ஒன்றை நடத்தலாம். மீனவருக்கு அலையின் உயரத்தைத் தமிழில் சொன்ன பிரதேசத்துக்கு இது அரிய காரியமன்று.

கடைசியாகத் தேசத்தின் கடமை. 1906-இல் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தூத்துக்குடியில் நிறுவி, ‘காலியா’, ‘லாவோ’ என்னும் கப்பல்களைக் கொழும்புக்கு ஓட்டினார். பிறர் கப்பலை நம்பியிருக்கும் வர்த்தகன், கூலியையும் காலத்தையும் பிறர் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறான் என்பதை அவர் அறிந்திருந்தார். 1980-களின் பிற்பகுதியில் இந்தியாவின் கடல்கடந்த சரக்கில் சுமார் 40 சதவிகிதத்தை இந்தியக் கப்பல்கள் ஏற்றிவந்தன. 2018-19-இல் அது எட்டு சதவிகிதத்துக்கும் கீழே இறங்கிவிட்டது. இது பெருமைப்படத்தக்க செய்தியன்று. 2025 செப்டம்பரில் மத்திய அரசாங்கத்தார் கப்பல் கட்டும் தொழிலுக்கும் கடல் வர்த்தகத்துக்குமாக 69,725 கோடி ரூபாய்த் திட்டத்தை அங்கீகரித்தது வரவேற்கத்தக்கது. சொந்தக் கப்பல் இருந்தால் புயல் அடிக்காது என்றோ, செங்கடல் அமைதியாகிவிடும் என்றோ நாம் சொல்லவில்லை. நெருக்கடி வரும்போது எந்தத் துறைமுகத்தைத் தவிர்ப்பது, யாருடைய சரக்கை முதலில் ஏற்றுவது, எவ்வளவு கூலி கேட்பது என்ற முடிவுகளில் நமக்கும் ஒரு வார்த்தை இருக்கும் என்றே சொல்கிறோம்.

அரிக்கமேட்டு வர்த்தகன் காற்றைப் பார்த்திருந்தான். ஆனந்தரங்கப் பிள்ளை கப்பலின் கொடியைப் பார்த்திருந்தார். தவளக்குப்பத்து நண்பர் கைப்பேசியைப் பார்த்திருக்கிறார். பார்வை கூர்மையாகிவிட்டது, நல்லதே. ஆனால் அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே இருப்பதால் கப்பல் விரைந்து வராது. அது சொல்லும் செய்தியைக் கேட்டு, வர்த்தகரும் கம்பெனிகளும் அரசாங்கத்தாரும் அவரவர் செய்யவேண்டியதைக் காலத்தில் செய்தால், தாமதம் வந்தாலும் பட்டறையின் கதவு மூடாது.