எங்கள் தொடர்மாடிக்கு நீர்மானி வந்த கதை

எங்கள் தொடர்மாடியில் ஆறு மாடிகள், மாடிக்கு நான்காக 24 வீடுகள். கடந்த வருடம் வரை அத்தனை வீடுகளுக்கும் வாசலில் ஒரேயொரு நீர்மானிதான் இருந்தது. மாதாந்தம் வரும் தண்ணீர் பில்லை முகாமைத்துவக் குழுவின் பொருளாளர் 24ஆல் வகுப்பார். வந்த தொகையைத் துண்டுத்தாளில் எழுதி ஒவ்வொரு கதவின் கீழாலும் தள்ளிவிடுவார். மூன்றாம் மாடியில் தனியாக இருக்கும் மாமிக்கும் அதே தொகை, ஐந்தாம் மாடியில் எட்டுப் பேர் வாழும் வீட்டுக்கும் அதே தொகை.

மாமி ஓய்வூதியத்தில் வாழ்பவர். 2022இல் நீர்க் கட்டணம் உயர்ந்த பிறகு அந்தத் துண்டுத்தாள் அவருக்குப் பெரும் பாரமாகிவிட்டது. "நான் குளிக்கிறதே ரெண்டு வாளித் தண்ணியில மகள், எனக்கு எப்படி இவ்வளவு காசு?" என்று அவர் உம்மாவிடம் கேட்டபோது நானும் பக்கத்தில் இருந்தேன். உம்மாவிடம் பதில் இருக்கவில்லை.

அவருடைய கேள்வியில் நியாயம் இருந்தது. தேசிய நீர் வழங்கல் வடிகாலமைப்புச் சபை தண்ணீரை அலகுகளில் அளக்கிறது. ஓர் அலகு என்பது ஒரு கன மீற்றர், அதாவது 1000 லீற்றர். வீட்டுப் பாவனைக்கான கட்டணம் படிப்படியாக ஏறுவது. முதற் சில அலகுகள் மலிவு. பாவனை கூடக் கூட அடுத்தடுத்த அலகுகளின் விலையும் கூடும். குறைவாகப் பாவிப்பவருக்கு அந்தக் கீழ்ப்படியே சலுகை. ஆனால் பில்லைச் சமமாகப் பங்கிட்டால் அந்தச் சலுகை அவருடைய வாசல் வரை வந்து சேர்வதில்லை.

குழுக் கூட்டத்தில் வீட்டுக்கு வீடு நீர்மானி பூட்ட வேண்டுமென்று முதலில் சொன்னவர் என் வாப்பா. உண்மையைச் சொன்னால், மாமியை நினைத்து மட்டும் அவர் அதைச் சொல்லவில்லை. ஐந்தாம் மாடிக்காரர்களின் தண்ணீருக்கு நாங்கள் காசு கட்டுகிறோம் என்ற எண்ணமும் எங்கள் வீட்டில் இருந்தது.

ஒரு வீட்டுக்கு ஒரு மானி, 24 மானிகள் வாங்கினால் போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். குழாய் வேலை செய்யும் பாஸ் வந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். எங்களுடையது பழைய கட்டடம். தண்ணீர் முதலில் நிலத்தடித் தொட்டிக்கு வருகிறது. அங்கிருந்து பம்பி அதைக் கூரையிலுள்ள தாங்கிக்கு ஏற்றுகிறது. தாங்கியிலிருந்து இறங்கும் குழாய்களில் ஒன்று எல்லாக் குளியலறைகளையும் தொட்டுக்கொண்டு போகிறது, இன்னொன்று எல்லாச் சமையலறைகளையும். ஆகவே ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் தண்ணீர் இரண்டு வாசல்களால் நுழைகிறது. ஒரு மானியால் இரண்டு வாசல்களைக் காவல் காக்க முடியாது. ஒன்றில் சுவர்களை உடைத்துப் புதிதாகக் குழாய் இழுக்க வேண்டும். அல்லது வீட்டுக்கு இரண்டாக 48 மானிகள் வேண்டும். செலவைப் பார்த்து இரண்டாவதையே தெரிவு செய்தோம். இப்போது கட்டப்படும் பல தொடர்மாடிகளில் வீட்டுக்கு ஒரே குழாய்தான் நுழைகிறது, மானியும் வெளி நடைபாதையில் இருக்கிறது. தொடர்மாடியில் வீடு வாங்கவோ வாடகைக்கு எடுக்கவோ போகும் பெற்றோர் தரையோட்டைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.

ஆறாம் மாடியில் வேறொரு சிக்கல். தாங்கிக்கும் குழாய்க்கும் இடையே பத்து மீற்றர் உயரம் இருந்தால்தான் ஏறக்குறைய ஒரு பார் அமுக்கம் கிடைக்கும். ஆறாம் மாடியின் குழாய்கள் தாங்கிக்கு மூன்று நான்கு மீற்றர்தான் கீழே. மானியும் தன் பங்குக்குக் கொஞ்சம் அமுக்கத்தைத் தின்றுவிடும். அந்த நான்கு வீடுகளுக்கும் சற்று அகலமான மானிகளைப் பூட்டிச் சமாளித்தார்கள்.

மானியின் வேலை எளிது. ஓடும் நீர் உள்ளே ஒரு சிறு சில்லைச் சுழற்றுகிறது. பற்சில்லுகள் அந்தச் சுற்றுகளை இலக்கங்களாக மாற்றுகின்றன. எங்கள் மானியில் கறுப்பு இலக்கங்கள் முழு அலகுகள், சிவப்பு அலகின் பின்னங்கள். அவற்றின் அருகே நட்சத்திரம் போன்ற ஒரு குட்டிச் சில்லு உண்டு. மிகச் சிறிய ஓட்டத்துக்கும் அது அசையும்.

முதல் மாதக் கணக்கு வந்தது. மாமிக்கு 5 அலகு. ஐந்தாம் மாடியின் எட்டுப் பேருக்கும் 36. நால்வர் வாழும் எங்கள் வீட்டுக்கு 34! வாப்பா தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மானி பிழை என்றார். உம்மா ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு எல்லாக் குழாய்களையும் பூட்டிவிட்டு டோச் லைற்றுடன் மானிகளின் முன்னால் போய் நின்றார். சமையலறை மானியின் நட்சத்திரம் அசையவில்லை. குளியலறை மானியின் நட்சத்திரம் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு மானி பூட்டியதில் இப்படியும் ஒரு நன்மை.

உடுப்புக்குப் போடும் நீலத்தில் கொஞ்சம் எடுத்துக் கொமட்டின் பின்னாலுள்ள தாங்கிக்குள் கரைத்தோம். அரை மணித்தியாலத்தில், யாரும் பிளஷ் பண்ணாமலே, கொமட்டுக்குள் நீலம் இறங்கியிருந்தது. தேய்ந்துபோன ஒரு றப்பர் வளையத்தின் வழியே சத்தமில்லாமல் நாளொன்றுக்கு ஏறக்குறைய 500 லீற்றர் போயிருக்கிறது. எத்தனை மாதமாக என்று யாருக்கும் தெரியாது. அத்தனை மாதமும் அதற்கு மாமியும் பங்கு கட்டியிருக்கிறார். சில நூறு ரூபா வளையம் மாற்றிய பின் எங்கள் கணக்கு 19 அலகுக்கு இறங்கியது.

எனக்கும் அளந்து பார்க்கும் ஆசை பிடித்துக்கொண்டது. குழாயைத் திறந்தபடியே வுழூச் செய்து, கீழே பேசினில் சேர்ந்த நீரை அளந்தேன்: 7 லீற்றர். அடுத்த முறை இடையிடையே பூட்டிச் செய்தேன்: 2 லீற்றர். நால்வர், ஐந்து வேளை, வேளைக்கு 5 லீற்றர் மிச்சம் என்றால் மாதத்துக்கு மூன்று அலகு. களனி கங்கையிலிருந்து அம்பத்தலையில் எடுத்துச் சுத்திகரித்துக் கொழும்புக்கு அனுப்பும் நீர் அது.

பிரச்சினை இத்துடன் தீர்ந்துவிடவில்லை. வாசலிலுள்ள பெரிய மானி 520 அலகு காட்டிய அந்த முதல் மாதத்தில், வீட்டு மானிகள் எல்லாவற்றையும் கூட்டினால் 471தான். மிகுதி 49ஐ யார் கட்டுவது? சில்லைச் சுழற்ற வலுவில்லாத சொட்டுக் கசிவுகள் வீட்டு மானிகளில் பதிவதில்லை. ஆகவே கொஞ்ச வித்தியாசம் வரத்தான் செய்யும். மானி பூட்டுவதற்கு முன்பே குழு இதைப் பேசி முடிவெடுத்திருக்க வேண்டும். எங்கள் குழு பில் வந்த பிறகே யோசித்தது. இரண்டு கூட்டங்கள் சத்தத்தில் முடிந்தன. இன்னொன்றும் இருக்கிறது. எங்கள் மானிகள் குழுவுக்குச் சொந்தமானவை. சபைக்கு இன்னும் நாங்கள் ஒரே வாடிக்கையாளர்தான். ஒரு வீடு கட்டாமல் விட்டால் நிலுவை எல்லார் தலையிலும் விழும். சபையிடமே வீட்டுக்கு வீடு தனிக் கணக்கு இருந்தால் இந்தப் பயமில்லை.

மாடிப்படி கழுவவும் வாகனம் கழுவவும் பாவிக்கும் பொதுக் குழாய்க்கும் பிறகு ஒரு மானி பூட்டினார்கள். அதில் 17 அலகு அகப்பட்டது. அதை எல்லோரும் சமமாகக் கட்டுகிறோம், அதில் மாமிக்கும் மனக்குறை இல்லை. மீதி 32 அலகைத் தேடிக்கொண்டிருக்கிறோம். கூரைத் தாங்கியின் மிதவை வால்வு பழுதாகி இரவில் நிரம்பி வழிகிறதா என்று பார்க்க, இந்தச் சனிக்கிழமை இரவு வாப்பாவும் ஐந்தாம் மாடி அங்கிளும் ஒன்றாக மேலே ஏறப் போகிறார்கள்.