வெளிநாட்டு விசாக் கட்டணம்: அங்கே வங்கிக் கணக்கு இல்லாமல் கட்சாலிலிருந்து கட்டுவது எப்படி?

மகள் ஆஸ்திரேலியாவில் படிக்கப் போகிறாள். அல்லது கனடாவில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு ஒருமுறை போய்வர ஆசை. இணையத்தில் படிவத்தை முழுக்க நிரப்பிவிட்டீர்கள். கடைசிப் பக்கம் பணம் கேட்கிறது, அதுவும் டாலரில். கையில் இருப்பதோ நிக்கோபாரின் கட்சால் தீவில் உள்ள வங்கிக் கிளையில் ஒரு சேமிப்புக் கணக்கும் ஒரு ஏடிஎம் அட்டையும்தான். "அந்த நாட்டில் நமக்குக் கணக்கே இல்லையே, எப்படிக் கட்டுவது?" என்று பலர் இந்த இடத்தில்தான் நின்றுவிடுகிறார்கள்.

அந்த நாட்டில் வங்கிக் கணக்கு வேண்டுமா?

வேண்டாம். விண்ணப்பிப்பவர்கள் வெளியே இருந்துதான் விண்ணப்பிப்பார்கள் என்பது குடிவரவுத் துறைகளுக்கு (வெளிநாட்டவரின் வருகையைக் கவனிக்கும் அரசு அலுவலகங்களுக்கு) தெரியும். உங்களுக்கு வேண்டியது இரண்டில் ஒன்று: வெளிநாட்டுக்குப் பணம் செலுத்தத் திறந்துவிடப்பட்ட அட்டை, அல்லது அப்படி ஒரு அட்டை வைத்திருக்கும் நம்பகமான உறவினர்.

எல்லா நாடுகளும் டாலரில்தான் கேட்குமா?

இல்லை. முதலில் இதைத் தெரிந்துகொண்டால் பாதிக் கவலை போய்விடும். சில நாடுகள் இந்தியாவிலேயே ரூபாயில் வாங்கிக்கொள்கின்றன. அமெரிக்காவின் சுற்றுலா விசாவுக்கும் மாணவர் விசாவுக்கும் விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டாலர். ஆனால் அதற்குச் சமமான ரூபாயை இங்கிருந்தே நெஃப்ட் (வங்கிக்கு வங்கி பணம் மாற்றும் முறை) மூலம் கட்டலாம். ஐரோப்பாவின் ஷெங்கன் விசாவுக்குப் பெரியவர்களுக்கு 90 யூரோ. அதையும் சென்னை போன்ற ஊர்களில் உள்ள விண்ணப்ப மையங்கள் ரூபாயில் வாங்குகின்றன.

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, பிரிட்டன் ஆகியவை வேறு வகை. இணைய விண்ணப்பத்தின் முடிவில் அட்டை வழியாகவே கட்டச் சொல்லும். கனடாவின் வருகையாளர் விசாவுக்கு 100 கனடா டாலர், கைரேகைப் பதிவுக்கு 85. ஆஸ்திரேலியாவின் மாணவர் விசா 2025 ஜூலை முதல் 2,000 ஆஸ்திரேலிய டாலர். இந்தத் தொகைகள் அடிக்கடி மாறும். கட்டும் நாளில் அரசுத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவுக்கு நெஃப்டில் கட்டும்போது எதில் கவனம் வேண்டும்?

விசாத் தளத்தில் பதிவு செய்ததும் உங்களுக்கென்று ஒரு கணக்கு எண்ணும் தொகையும் தரும். அதை அச்செடுத்து வங்கி கவுண்டரில் கொடுங்கள். எண்ணில் ஒரு இலக்கம்கூட மாறக்கூடாது. தொகையில் ஒரு ரூபாய்கூடக் கூடவோ குறையவோ கூடாது. மாறினால் பணம் உங்கள் பெயரில் சேராது, நேர்காணலுக்கு நாள் குறிக்க முடியாது.

என் ஏடிஎம் அட்டை வெளிநாட்டுத் தளத்தில் வேலை செய்யுமா?

அட்டையின் மூலையைப் பாருங்கள். விசா அல்லது மாஸ்டர்கார்டு என்று இருந்தால் வாய்ப்பு அதிகம். ரூபே மட்டும் இருந்தால் பெரும்பாலான வெளிநாட்டு அரசுத் தளங்களில் செல்லாது. கூகுள் பே, போன்பே போன்ற யுபிஐ வழிகளும் அங்கே கிடையாது. விசா என்று அச்சிட்டிருந்தாலும் சில அட்டைகள் உள்நாட்டுக்கு மட்டுமே. "வெளிநாட்டில் செல்லும் டெபிட் அட்டை வேண்டும்" என்று கிளையில் எழுதிக் கொடுத்துக் கேளுங்கள். புது அட்டை தபாலில் வந்துசேர நாளாகும் என்பதால், விண்ணப்பம் போடும் எண்ணம் வந்தவுடனே இதைச் செய்துவிடுங்கள்.

சரியான அட்டைதான், ஆனாலும் மறுக்கிறதே?

ரிசர்வ் வங்கி 2020 ஜனவரியில் ஒரு விதி கொண்டுவந்தது. அதன்படி அட்டையைத் தரும்போது இந்தியாவுக்குள் உள்ள ஏடிஎம்மிலும் கடை இயந்திரத்திலும் மட்டுமே அது வேலை செய்யும். இணையப் பயன்பாட்டையும் வெளிநாட்டுப் பயன்பாட்டையும் நீங்களாகத் திறக்க வேண்டும். வங்கியின் செயலியிலோ, கிளையிலோ இதைச் செய்யலாம்.

திறக்கும்போது வரம்பையும் பாருங்கள். கட்டணம் ஒரு லட்சத்துக்கு மேல் போகும்போது வரம்பு 50,000 என்று இருந்தால் பணம் போகாது. வேலை முடிந்ததும் மறுபடி மூடிவிடுங்கள். அட்டைக்கு அதுதான் பாதுகாப்பு.

பெயரும் முகவரியும் எப்படி எழுதுவது?

இங்கே நம்மவர்கள் அதிகம் தடுக்கி விழுகிறார்கள். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கும், அட்டையிலோ இனிஷியல் மட்டும் இருக்கும். பணம் கட்டும் பக்கத்தில் அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். அந்தப் பக்கம் கேட்கும் முகவரி அட்டைக்காரர் வங்கியில் கொடுத்திருக்கும் முகவரி. சென்னையில் இருக்கும் மைத்துனர் அட்டையில் கட்டினால் அவருடைய சென்னை முகவரிதான் அங்கே வரவேண்டும், உங்கள் கட்சால் முகவரி அல்ல.

வேறொருவர் அட்டையில் கட்டினால் விண்ணப்பம் தள்ளுபடி ஆகுமா?

பெரும்பாலும் ஆகாது. கட்டணம் வந்ததா என்றுதான் பார்க்கிறார்கள். அமெரிக்கா செல்லும் மாணவர் தனியாகக் கட்டும் செவிஸ் கட்டணத்தை (மாணவர் பதிவேட்டுக்கான கட்டணம், 350 டாலர்) மாணவருக்காக வேறு யார் வேண்டுமானாலும் கட்டலாம். அமெரிக்காவில் இருக்கும் சித்தப்பாவிடம் மாணவரின் பதிவு எண்ணைக் கொடுத்தால் அவரே கட்டி, ரசீதை அனுப்பிவிடுவார்.

ஆனால் அட்டை எண்ணையும் பின்பக்க மூன்று இலக்கத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லாதீர்கள். அட்டைக்காரரே தன் கையால் எண்ணை இடட்டும். இன்னொன்று: பணம் திரும்பி வந்தால் கட்டிய அட்டைக்கே போகும். இதை உறவினரிடம் முன்கூட்டியே பேசிவைப்பது நல்லது.

கூடுதலாக எவ்வளவு போகும்?

வங்கிகள் வெளிநாட்டுப் பணமாற்றுக்குத் தனிக் கட்டணம் பிடிக்கும். அது பல அட்டைகளில் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. 10,000 ரூபாய்க்கு 350, அதற்கு வரி 63, ஆக 413 ரூபாய். ஆஸ்திரேலியத் தளம் தன் பங்குக்கு அட்டைக் கூடுதல் கட்டணமும் சேர்க்கும். கணக்கில் விசாத் தொகையைவிடச் சில ஆயிரம் அதிகமாக வைத்திருங்கள். "ரூபாயில் கட்டுகிறீர்களா, டாலரிலா?" என்று பக்கம் கேட்டால் டாலரையே தேர்ந்தெடுங்கள். ரூபாயைத் தேர்ந்தெடுத்தால் மாற்று விகிதம் பெரும்பாலும் உங்களுக்கு நட்டமாக இருக்கும்.

வருமான வரித் துறை பிடிக்குமோ என்ற பயம் வேண்டாம். ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 அமெரிக்க டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரை அனுப்பும் பணத்துக்கு முன்வரிப் பிடித்தமும் இல்லை.

நெட்வொர்க் பாதியில் போய்விட்டால்?

கட்சாலில் இது நிஜமான கவலை. 2020 ஆகஸ்டில் தொடங்கிவைத்த சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் எட்டு இடங்களில் கரையேறுகிறது. பக்கத்துத் தீவான கமோர்ட்டா அதில் உண்டு, கட்சால் இல்லை. ஓடிபி (ஒருமுறைக் கடவுச்சொல்) வந்து சேருவதற்குள் பக்கத்தின் நேரம் முடிந்துவிடலாம்.

பக்கம் உறைந்து நின்றால் உடனே இரண்டாவது முறை கட்டாதீர்கள். வங்கிக் குறுஞ்செய்தியைப் பாருங்கள். பிறகு விண்ணப்பத்தில் மறுபடி நுழைந்து, "கட்டப்பட்டது" என்று காட்டுகிறதா என்று பாருங்கள். பணம் பிடித்தும் காட்டவில்லை என்றால் ஓரிரு நாள் பொறுங்கள். முடியாத பரிமாற்றம் வழக்கமாகத் திரும்பி வந்துவிடும். வராவிட்டால் வங்கியில் எழுத்தில் புகார் கொடுத்து, புகார் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். கடைசித் தேதி நெருங்கும்வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்னதாகக் கட்டுவதே இதற்கெல்லாம் நல்ல மருந்து.

விசா கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா?

விண்ணப்பக் கட்டணம் பொதுவாகத் திரும்பாது. அது உங்கள் தாளைப் பரிசீலிப்பதற்கான கூலி. விசாவின் விலை அல்ல. விதிவிலக்கு ஒன்று: பிரிட்டனுக்கு நீண்ட காலம் போகிறவர்கள் கட்டும் சுகாதாரக் கட்டணம் (அங்கே மருத்துவம் பார்த்துக்கொள்ள முன்கூட்டிக் கட்டுவது) விசா மறுக்கப்பட்டால் திரும்பும். பெரியவர்களுக்கு ஆண்டுக்கு 1,035 பவுண்டு, மாணவர்களுக்கு 776 பவுண்டு என்பதால் இது சின்னத் தொகை இல்லை. கணக்கில் வரவானதா என்று தேடிப் பாருங்கள்.

இலங்கைக்குப் போய்வர?

1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் தாயகம் திரும்பி, ரப்பர் தோட்டத்தை நம்பிக் கட்சாலில் குடியேறிய குடும்பங்களில் இந்தக் கேள்வி அடிக்கடி எழும். இலங்கையின் பயண அனுமதியை (இடிஏ) அந்நாட்டு அரசுத் தளத்திலேயே பெறலாம். இந்தியர்களுக்கு அதற்குக் கட்டணம் உண்டா இல்லையா என்பது அண்மை ஆண்டுகளில் பலமுறை மாறியிருக்கிறது. டிக்கெட் போடும் முன் பார்த்துவிடுங்கள். அதே தோற்றத்தில் தனியார் தளங்களும் இருக்கின்றன. அரசுத் தொகைக்கு மேல் அவை தங்கள் பங்கையும் சேர்த்து வாங்கும்.

ஏஜென்ட் "எனக்கு ஜிபே பண்ணுங்கள், நான் கட்டிவிடுகிறேன்" என்கிறாரே?

எந்த நாட்டின் குடிவரவுத் துறையும் தனிமனிதரின் யுபிஐ எண்ணுக்குப் பணம் கேட்காது. ஏஜென்ட் மூலம் கட்டியே ஆகவேண்டும் என்றால் அரசு ரசீதை உங்கள் பெயரில், விண்ணப்ப எண்ணோடு கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் பணம் கட்டப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்குப் பணத்தைத் தடுத்து நிறுத்தும் வாய்ப்பு அதிகம்.

எதை முதலில் செய்வது?

அட்டையை. கைரேகை கொடுக்கவும் நேர்காணலுக்கும் பல நாடுகளுக்குச் சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ போகவேண்டியிருக்கும். பல நாடுகளில் கட்டணம் கட்டினால்தான் அதற்கு நாள் கிடைக்கும். போர்ட் பிளேரே நானூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும்போது, அட்டை மறுத்ததால் ஒரு கப்பலைத் தவறவிடுவது பெரிய இழப்பு. இந்த வாரமே கிளைக்குப் போய் அட்டையை வெளிநாட்டுப் பயன்பாட்டுக்குத் திறந்து, வரம்பை உயர்த்தி வையுங்கள். அதன் பிறகு கட்டணம் கட்டுவதற்காக நீங்கள் யாருக்கும் கமிஷன் கொடுக்க வேண்டிய அவசியம் இருக்காது.