உஷார்! அது வெறும் புள்ளி இல்லை

'ரீப்ளேஸ் ஆல்' பக்கம் கை போகிறதா? எடுங்கள் கையை! முதலில் விஎஸ் கோடு எடிட்டரில் தேடும் பெட்டியின் வலது ஓரத்தைப் பாருங்கள். புள்ளியும் நட்சத்திரமுமாக .* என்று ஒரு சின்னப் பொத்தான் இருக்கும். ரெஜெக்ஸ், அதாவது குறிகளை வைத்துத் தேடும் முறை, ஓடுகிறதா இல்லையா என்பதைக் காட்டுவது அதுதான். நேற்று ஏதோ வேலைக்காக அதை அழுத்திவிட்டு மறந்திருந்தால், இன்றைக்கும் அழுந்தியபடியே இருக்கும். நீங்கள் சாதாரணத் தேடல் என்று நினைத்துத் தட்டுவீர்கள். எடிட்டர் அப்படி நினைக்காது.

வட்டி விகிதம் 1.5, அதை 1.8 ஆக்க வேண்டும் என்று வையுங்கள். ரெஜெக்ஸில் புள்ளி என்றால் 'ஏதாவது ஓர் எழுத்து'. எனவே 1.5 மட்டுமா சிக்கும்? 125 சிக்கும், 105 சிக்கும், 1-5 சிக்கும். 600125 என்ற பின்கோடு 6001.8 ஆகிவிடும். 1050 ரூபாய்க் கட்டணம் 1.80 ஆகிவிடும்! இதில் பயங்கரம் என்னவென்றால், 1.80 என்பதும் ஒழுங்கான எண்தான். கம்பைலர் வாயே திறக்காது. பில் போகும், பணம் போகும், யாராவது கூட்டிப் பார்க்கிற அன்றைக்குத்தான் தெரியும். புள்ளிக்கு முன்னால் பேக்ஸ்லாஷ் போட்டு 1\.5 என்று எழுத வேண்டும். அதோடு நிம்மதியாகிவிடாதீர்கள்: 11.5 இருந்தால் அது 11.8 ஆகும், 1.55 இருந்தால் 1.85 ஆகும்.

அடுத்த ஆபத்து பேராசை. ஒரே வரியில் "இட்லி", "வடை", "பொங்கல்" என்று இருக்கிறது. மேற்கோளுக்குள் இருப்பதைப் பிடிக்க ".*" என்று எழுதினால் இட்லியோடு நிற்காது. முதல் மேற்கோளில் தொடங்கி, பொங்கலைத் தாண்டிய கடைசி மேற்கோள் வரை ஒரே வாயில் விழுங்கிவிடும். ".*?" என்று ஒரு கேள்விக்குறி சேர்த்தால்தான் தனித்தனியாகப் பிடிக்கும்.

விம் எடிட்டரில் பழகிய கை இருக்கிறதே, அதற்கும் எச்சரிக்கை. தேதியைத் திருப்பிப் போட ([0-9]+)-([0-9]+)-([0-9]+) என்று தேடுகிறீர்கள். மாற்று வரி விஎஸ் கோடில் $3/$2/$1 என்று இருக்க வேண்டும். விம் பழக்கத்தில் \3/\2/\1 என்று போட்டால், கோப்பில் உள்ள அத்தனை தேதியும் அழிந்து, அந்த இடத்தில் அந்தக் குறிகளே அப்படியே உட்கார்ந்திருக்கும்.

தமிழ் வாசகம் உள்ள கோப்பு என்றால் இரண்டு மடங்கு கவனம் வேண்டும். 'பல' என்பதை 'சில' ஆக்கப் போனால் பலகை 'சிலகை' ஆகும், பல்லி 'சில்லி' ஆகும். பல்லியும் சிக்குவது ஏனென்றால், மெய்யெழுத்தின் புள்ளியும் துணையெழுத்தும் கணினிக்குத் தனி எழுத்துகள். சொல் எல்லைக் குறி போட்டுத் தப்பிக்கலாம் என்றால் அதுவும் நடக்காது. திறந்திருக்கும் கோப்புக்குள் தேடுவது ஜாவாஸ்கிரிப்ட் ரெஜெக்ஸ். அதன் எல்லைக் குறிக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறெதுவும் சொல்லாகவே தெரியாது. ஃபோல்டர் முழுக்கத் தேடும்போதோ வேலை செய்வது ரிப்கிரெப் என்ற வேறு கருவி. அங்கே தமிழும் சொல்தான். ஒரே பேட்டர்ன், இரண்டு விடை!

ஃபோல்டர் முழுக்க மாற்றுவதுதான் எல்லாவற்றிலும் கொடியது. நீங்கள் திறக்கவே திறக்காத கோப்புகளிலும் மாற்றி, சேமித்தும் விடும். அன்டூவை நம்பி இதில் இறங்காதீர்கள். முதலில் கிட்டில் கமிட் போடுங்கள். எத்தனை இடம் சிக்கியது என்ற எண்ணிக்கையைப் பாருங்கள். பத்து எதிர்பார்த்த இடத்தில் நானூறு வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மாற்றிய பிறகு டிஃப்பை வரி வரியாகப் படியுங்கள். இன்று மாலை வேலை முடிந்து எழும் முன் அந்த .* பொத்தானை மறக்காமல் அணைத்துவிட்டுப் போங்கள்.