அமெரிக்காவில் முனைவர் படிப்பு: கடனுக்கு அலைவதற்கு முன் தெரிய வேண்டியவை

 

பரீட்சை முடிவுகள் வரும் மாதங்களில், ஜும்ஆ முடிந்ததும் ஆலிம்களிடம் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், பையன் அமெரிக்காவில் மேல்படிப்பு படிக்க ஆசைப்படுகிறான். பேங்கில் கல்விக் கடன் வாங்கலாமா?" வட்டி பற்றிய மஸ்அலாவுக்குப் போவதற்கு முன், "எந்தப் படிப்பு?" என்று திருப்பிக் கேட்க வேண்டும். அங்கே முதுகலைப் படிப்புக்குப் பெரும்பாலும் மாணவர்தான் பணம் கட்ட வேண்டும். முனைவர் பட்டப் படிப்புக்கோ, நல்ல ஆராய்ச்சிப் பல்கலைக்கழகங்களில், பல்கலைக்கழகமே மாணவருக்குப் பணம் தருகிறது. இந்த வித்தியாசம் தெரியாமலேயே பல குடும்பங்கள் வீட்டுப் பத்திரத்தைத் தூக்கிக்கொண்டு பேங்குக்குப் போய்விடுகின்றன.

ஆராய்ச்சிப் பல்கலைக்கழகம் என்றால் என்ன? அமெரிக்காவில் கார்னெகி வகைப்பாடு என்ற பட்டியல் இருக்கிறது. ஆண்டுக்குக் குறைந்தது 5 கோடி டாலர் ஆராய்ச்சிக்குச் செலவிட்டு, 70 ஆராய்ச்சி முனைவர் பட்டங்களாவது வழங்கும் பல்கலைக்கழகங்கள் அதன் முதல் வரிசையில் வரும். 2025 பட்டியலில் அப்படி 187 உள்ளன. இவற்றில் முனைவர் படிப்புக்குச் சேர்த்துக்கொள்ளப்படுபவருக்குப் பொதுவாகக் கல்விக் கட்டணம் தள்ளுபடியாகும், மாத உதவித்தொகையும் மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். இது தர்மம் அல்ல. அதற்கு ஈடாக, வாரத்துக்கு 20 மணி நேரம் வரை இளநிலை மாணவர்களுக்குப் பாடம் நடத்த உதவ வேண்டும், அல்லது ஆய்வுக்கூடத்தில் வேலை செய்ய வேண்டும்.

பணம் கொடுத்து எடுத்துக்கொள்வதால் தேர்வும் கறாராக இருக்கும். நம் ஊரில் மார்க் பட்டியலை வைத்து வரிசைப்படுத்துவது போல அங்கே நடப்பதில்லை. துறையின் பேராசிரியர்களே உட்கார்ந்து ஒவ்வொரு விண்ணப்பத்தையும் படிக்கிறார்கள். இவரிடம் ஆராயத்தக்க கேள்வி இருக்கிறதா, அதற்கு வழிகாட்ட நம்மிடம் ஆள் இருக்கிறாரா, அதற்கான மொழியோ கணிதமோ இவருக்குத் தெரியுமா என்று பார்க்கிறார்கள். மார்க் முதல் கட்டத்தைத் தாண்ட உதவும், அவ்வளவுதான்.

இந்தக் கேள்வியைச் சொல்லும் இடம்தான் நோக்க உரை. இரண்டு பக்கம்தான் இருக்கும், ஆனால் விண்ணப்பத்தின் உயிர் அதில் இருக்கிறது. "சிறு வயது முதலே எனக்குக் கல்வியில் ஆர்வம்" என்று தொடங்கும் உரையைப் படித்துப் படித்து அவர்களுக்கு அலுத்திருக்கும். "தமிழக முஸ்லிம்களின் வரலாற்றை ஆராய விரும்புகிறேன்" என்பதும் போதாது. அது ஒரு நூலகத்தின் பெயர் போல இருக்கிறது, கேள்வியாக இல்லை.

ஒரு உதாரணம் சொன்னால் விளங்கும். ரோனித் ரிச்சி என்ற ஆய்வாளர் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொண்டது நமக்குத் தெரிந்த விஷயம். 1572இல் தமிழில் இயற்றப்பட்ட 'ஆயிர மசலா'வின் கதை மலாயிலும் ஜாவா மொழியிலும் உண்டு. ஒரே கதை மூன்று மொழிகளில் எப்படி மாறியது, அதன் வழியே அரபுச் சொற்கள் இந்த மொழிகளுக்குள் எப்படி வந்தன என்று அவர் கேட்டார். அந்த ஆய்விலிருந்து உருவான நூலை 2011இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பகம் வெளியிட்டது. வெளிநாட்டவர் ஒருவர் தமிழ் கற்று இதைச் செய்தார். நம் மதரஸாவில் ஏழு வருடம் ஓதிய பிள்ளைக்கு அரபியும் தமிழும் கைவசம் இருக்கின்றன, அரபுத்தமிழையும் எளிதில் படித்துவிடுவார். அவருக்கு மிச்சம் வேண்டியது கேள்வியும் ஆங்கிலமும்தான்.

ஆனால் ஒன்றை மறைக்கக் கூடாது. மதரஸா ஸனது மட்டும் போதாது. அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகப் பட்டம் கட்டாயம். நம் மூன்று வருட பி.ஏ.வைப் பல பல்கலைக்கழகங்கள் அவர்களுடைய நான்கு வருடப் பட்டத்துக்குச் சமமாக ஏற்பதில்லை, ஆகவே எம்.ஏ.வையும் முடித்துவிடுவது நல்லது.

பரிந்துரைக் கடிதங்கள் பொதுவாக மூன்று கேட்பார்கள். இங்கே நம்மவர்கள் எம்.எல்.ஏ., கல்லூரித் தாளாளர் என்று பெரிய பெயர்களைத் தேடிப் போகிறார்கள். ஹதீஸ் கலையில் ஜர்ஹ் தஃதீல் படித்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரு ராவியைப் பற்றி, அவரை நெருங்கி அறிந்தவர் காரணத்தோடு சொல்லும் சொல்லுக்குத்தான் எடை. உங்கள் கட்டுரையைத் திருத்திய ஓர் இளம் விரிவுரையாளர், "இந்த மாணவர் இந்த இடத்தில் என் கருத்தை மறுத்தார், அது சரியாக இருந்தது" என்று எழுதினால் அது தாளாளரின் லெட்டர்பேடைவிடப் பலமடங்கு பேசும். ஆசிரியரிடம் ஒன்றரை மாதம் முன்பே கேளுங்கள். கடிதத்தை அவரே நேரடியாக இணையத்தில் பதிவேற்றுவார்.

கலைப் பாடங்களுக்கு ஆங்கிலத்தில் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஒன்றையும் கேட்பார்கள், பெரும்பாலும் 15 முதல் 25 பக்கம். நம் பிள்ளைகள் தடுக்கி விழுவது இங்கேதான். கேள்வி-பதில் முறையில் பரீட்சை எழுதியே பட்டம் வாங்கியவருக்கு அப்படியொரு கட்டுரை கையில் இருக்காது. எம்.ஏ. முதல் வருடத்திலேயே ஒன்றைத் தொடங்கிவிடுங்கள். டோஃபல் அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். தேவைப்படும். ஜி.ஆர்.இ.யைப் பல துறைகள் இப்போது கேட்பதில்லை, துறையின் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

கடைசித் தேதி பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் வரும், வகுப்பு தொடங்குவது அடுத்த ஆகஸ்டில். விண்ணப்பக் கட்டணம் ஒரு பல்கலைக்கழகத்துக்கு 100 டாலர் அளவில் ஆகும். ஆறேழு இடங்களுக்குப் போட்டால் பரீட்சைக் கட்டணத்தோடு லட்சத்தை நெருங்கிவிடும். பல இடங்களில் கட்டண விலக்கு உண்டு, மின்னஞ்சலில் கேட்க வெட்கப்பட வேண்டாம். ஜமாஅத் பைத்துல்மால்கள் கல்வி உதவியில் இதற்கும் ஒரு பங்கு ஒதுக்கலாம். ஐந்து வருடப் படிப்பைத் திறக்கும் சாவிக்கு இவ்வளவுதான் செலவு.

2025இல் ஆராய்ச்சி நிதி குறைந்ததால் சில பல்கலைக்கழகங்கள் முனைவர் இடங்களைக் குறைத்தன, சில துறைகள் சேர்க்கையையே நிறுத்திவைத்தன. ஆகவே பணம் கட்டும் முன், அந்த வருடம் சேர்க்கை உண்டா என்று துறை அலுவலகத்துக்கு ஒரு வரி எழுதிக் கேளுங்கள்.

முடிவுகள் பிப்ரவரி, மார்ச்சில் வரும். உதவித்தொகையோடு இடம் கிடைத்தால் உடனே ஒப்புக்கொள்ளும்படி யாராவது அவசரப்படுத்தலாம். பயப்பட வேண்டாம், பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் ஏப்ரல் 15 வரை அவகாசம் தருவதாகத் தங்களுக்குள் ஒப்பந்தம் செய்திருக்கின்றன. அந்த அவகாசத்தில் இரண்டு விஷயங்களை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். உதவித்தொகை எத்தனை வருடத்துக்கு? கோடை மாதங்களுக்கும் உண்டா? பல துறைகள் ஒன்பது மாதத்துக்கே கொடுக்கின்றன. திருமணமானவர்கள் இதைக் கட்டாயம் கேட்க வேண்டும். எஃப்-2 விசாவில் கூடவே வரும் மனைவியோ கணவரோ அங்கே வேலை பார்க்க முடியாது, அந்த ஒரு தொகையில்தான் குடும்பம் ஓட வேண்டும்.