ரீசார்ஜ் நின்றாலும் டிவி ஓடும்

மாதாமாதம் பணம் கட்டாவிட்டால் டிவியே ஓடாது என்று நம் ஊரில் பலரும் நம்புகிறார்கள். பிள்ளைகள் செல்போனுக்குப் போய்விட்டார்கள். வீட்டில் பெரியவர்கள் இருவர் மட்டும் செய்தியும் பழைய படமும் பார்க்கிறார்கள். இதற்கு எதற்கு இவ்வளவு பணம் என்று மனதுக்குள் புழுங்கினாலும், இணைப்பை எடுத்துவிட்டால் வீடே வெறிச்சோடிவிடும் என்ற பயத்தில் கட்டிக்கொண்டே இருக்கிறார்கள். அந்தப் பயம் தேவையில்லை. மாதக் கட்டணம் இல்லாமல் டிவி பார்க்க முறையான வழி இருக்கிறது. பார்ப்பதைப் பதிவு செய்து வைத்துக்கொள்ளவும் சட்டம் இடம் தருகிறது. இணைப்பை நிறுத்துவதற்கு முன்னால் சில விஷயங்களைத் தெரிந்துகொண்டால் போதும்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். “ஃப்ரீ சேனல்தானே, ரீசார்ஜ் முடிந்த பிறகும் அதாவது வர வேண்டாமா?” என்று கேபிள்காரரிடம் சண்டை போடுபவர்கள் உண்டு. கோயிலில் பிரசாதம் இலவசம்தான், ஆனால் கோயிலுக்குப் போகிற பஸ்ஸுக்கு டிக்கெட் எடுத்துத்தான் ஆக வேண்டும். இலவச சேனலுக்கு விலை கிடையாது. அதை உங்கள் வீடுவரை கொண்டுவருவதற்குக் கேபிள், டிடிஎச் நிறுவனங்கள் ‘நெட்வொர்க் கெபாசிட்டி ஃபீ’ என்று ஒன்றை வாங்குகின்றன. 200 சேனல் வரைக்கும் 130 ரூபாய், 18 சதவீத வரியோடு 153 ரூபாய் 40 பைசா என்று ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உச்சவரம்பு வைத்திருந்தது. 2024 ஜூலையில் அந்த வரம்பையும் எடுத்துவிட்டார்கள். மேலும், டிஜிட்டல் கேபிளில் இலவச சேனல் உட்பட எல்லாவற்றையும் பூட்டித்தான் அனுப்ப வேண்டும் என்பது சட்டம். அதனால்தான் பணம் நின்றதும் பெரும்பாலான வீடுகளில் திரை இருண்டுவிடுகிறது.

இணைப்பை ஒரேயடியாக வெட்டத் தயங்குபவர்கள், கட்டண சேனல்களை மட்டும் எடுத்துவிடச் சொல்லலாம். எந்தச் சேனல் வேண்டும், எது வேண்டாம் என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் உரிமை 2019 முதல் நமக்கு இருக்கிறது. “பேக்கேஜாகத்தான் தருவோம்” என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

முழுக்க வெட்டிவிட நினைப்பவர்களுக்கு இருக்கும் வழி டிடி ஃப்ரீ டிஷ். தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி இதை 2004 டிசம்பரில் டிடி டைரக்ட் பிளஸ் என்ற பெயரில் தொடங்கியது. ஒருமுறை டிஷ்ஷும் பெட்டியும் வாங்கிப் பொருத்தச் சுமார் இரண்டாயிரம் ரூபாய் ஆகும். அதோடு செலவு முடிந்தது. மாதக் கட்டணம் என்று ஒன்று கிடையவே கிடையாது. பழைய டிடிஎச் டிஷ் மொட்டைமாடியில் நல்ல நிலையில் இருந்தால் புதிதாக டிஷ் வாங்கவும் வேண்டாம், பெட்டி மட்டும் போதும். ஃப்ரீ டிஷ் வருவது 93.5 டிகிரி கிழக்கில் இருக்கும் ஜிசாட்-15 செயற்கைக்கோளிலிருந்து. சென்னையில் நின்று பார்த்தால் அது சரியாகத் தென்கிழக்கு, வானில் நல்ல உயரத்தில். டாடா பிளே வைத்திருந்த வீட்டு டிஷ் 83 டிகிரியைப் பார்ப்பதால் ஏறக்குறையத் தெற்கு நோக்கி இருக்கும், திருப்ப வேண்டும். ஏர்டெல் 108.2 டிகிரி, அதையும் திருப்ப வேண்டும். சன் டைரக்ட் வைத்திருந்த வீடுகளில் டிஷ் ஏற்கெனவே ஏறத்தாழ அந்தத் திசையில்தான் நிற்கும், வேலை குறைவு. புதுப் பெட்டி, புது டிஷ், புதுக் கம்பி என்று பில்லை நீட்டுகிறவரிடம் இதைத் தெரிந்துவைத்துக்கொண்டு பேசுங்கள்.

எதிர்பார்ப்பையும் அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும். ஃப்ரீ டிஷ்ஷில் ஹிந்தி சேனல்களே மிகுதி. தனியார் சேனல்கள் ஏலத்தில் இடம் எடுத்துத்தான் அதில் வர முடியும். தமிழில் பெரிய பொழுதுபோக்கு சேனல்கள் சந்தாப் பணத்தை நம்பி நடப்பவை, இலவச மேடைக்கு அவை வருவதில்லை. சன் டிவி, விஜய், ஜீ தமிழ் சீரியல்கள் இல்லாமல் முடியாது என்றால் இந்த வழி உங்களுக்கு ஒத்துவராது. நாட்டில் கோடிக்கணக்கானோர் பார்க்கும் அரசு மேடையில் தமிழனுக்கு இவ்வளவு குறைவாக இடம் இருப்பது எனக்கு ஏற்க முடியாத விஷயம். ஆனால் 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து பெயர் மாறிய டிடி தமிழ் இருக்கிறது. பள்ளிப் பாடங்களுக்கான பிஎம் இ-வித்யா சேனல்களும் கல்லூரிப் பாடங்களுக்கான ஸ்வயம் பிரபா சேனல்களும் இருக்கின்றன. படிக்கிற பிள்ளை உள்ள வீட்டில் இவை மட்டுமே அந்த இரண்டாயிரம் ரூபாய்க்குத் தகும்.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இன்னொரு லாபம் உண்டு. இந்திய அணி ஆடும் ஒருநாள், டி20 ஆட்டங்கள் போன்ற தேசிய முக்கியத்துவம் வாய்ந்த போட்டிகளின் ஒளிபரப்பைப் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும் என்பது 2007ஆம் ஆண்டுச் சட்டம். அந்தப் பகிர்வு தூர்தர்ஷனின் சொந்தத் தரைவழி ஒளிபரப்புக்கும் ஃப்ரீ டிஷ்ஷுக்கும் மட்டும்தான், தனியார் கேபிளுக்கும் டிடிஎச்சுக்கும் அல்ல என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தூர்தர்ஷனில் ஓடும் ஆட்டம் பணம் கட்டியவர் வீட்டில் தெரியாமல், கட்டாதவர் வீட்டில் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

இனி பதிவு. பேத்தியின் பரதம் டிவியில் வந்தது, ஒரு நல்ல கச்சேரி வந்தது, பதிவு செய்து வைத்தால் குற்றமா என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். குற்றமில்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 39ஆம் பிரிவு, ஒருவர் தன் சொந்த உபயோகத்துக்கு ஒளிபரப்பைப் பதிவு செய்வதையும், நேர்மையான கற்பித்தலுக்கும் ஆராய்ச்சிக்கும் பதிவு செய்வதையும் உரிமை மீறலாகக் கருதுவதில்லை. எல்லை எங்கே வருகிறது என்றால், அதை யூடியூபில் ஏற்றும்போது, பென்டிரைவில் போட்டு விற்கும்போது, காசு வாங்கி ஊருக்குத் திரையிடும்போது. வாட்ஸ்அப் குழுவில் முழுப் படத்தையும் போடுவதும் சொந்த உபயோகம் ஆகாது. இவற்றுக்கு மூன்றாண்டு வரை சிறையும் இரண்டு லட்சம் வரை அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன.

சட்டம் கொடுக்கிற உரிமையைப் பெட்டி பிடுங்கிக்கொள்வதுதான் பலருக்குத் தெரியாத விஷயம். கட்டண டிடிஎச்சின் ரெக்கார்டர் பெட்டியில் பதிவாகும் கோப்புகள் பெரும்பாலும் பூட்டப்பட்டவை. அந்தப் பெட்டியில்தான் ஓடும், கணினியில் போட்டால் ஓடாது. சந்தா நின்றபின் அந்தப் பெட்டியிலேயே திறக்காமல் போகலாம். ஆண்டுக்கணக்காகச் சேர்த்துவைத்த பதிவுகள் ஒரே நாளில் கைவிட்டுப் போகும். ஆகவே துண்டிக்கும் முன்பு அவை ஓடுமா, ஓடாதா என்று நிறுவனத்தைக் கேளுங்கள். திரும்பக் கிடைக்காது என்றால் பார்க்க வேண்டியதை முன்பே பார்த்துவிடுங்கள். பூட்டை உடைத்துத் தருகிறேன் என்பவரிடம் போக வேண்டாம். உரிமையை மீறும் நோக்கத்தோடு அப்படி உடைத்தால் இரண்டாண்டு வரை சிறைக்கு வழியிருக்கிறது.

யூஎஸ்பி துளை உள்ள சாதாரண ஃப்ரீ டிஷ் பெட்டிகள் இதில் எவ்வளவோ மேல். பென்டிரைவைச் செருகி ரிமோட்டில் சிவப்புப் பொத்தானை அழுத்தினால், பெரும்பாலான பெட்டிகளில் கணினியிலும் ஓடும் கோப்பாகவே பதிவாகும். ஒரு மணி நேரத்துக்கு ஒன்றிலிருந்து ஒன்றரை ஜிபி பிடிக்கும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். பதிவு ஓடும்போது பொதுவாக வேறு சேனலுக்கு மாற முடியாது, டியூனர் ஒன்றுதான். டைமர் வைத்துவிட்டுச் சுவிட்சை அணைத்தால் எதுவும் பதிவாகாது. டிவியிலேயே செயற்கைக்கோள் டியூனர் இருந்தால் பெட்டியில்லாமலும் பல சேனல்கள் வரும். ஆனால் டிவி எடுக்கும் பதிவு பெரும்பாலும் அந்த டிவியில் மட்டுமே ஓடும், பென்டிரைவில் முன்பிருந்ததையும் அழித்துவிடும். கல்யாணப் படங்கள் இருக்கும் பென்டிரைவை அதில் செருகிவிடாதீர்கள்.

ஏமாற்றுக்காரர்களும் இங்கே காத்திருக்கிறார்கள். “ஃப்ரீ டிஷ்ஷுக்கு ஆண்டுக் கட்டணம் கட்டுங்கள், இல்லாவிட்டால் சேனல் நின்றுவிடும்” என்று போன் வந்தால் அது பொய். கட்டண சேனலையெல்லாம் இலவசமாகத் தருகிறோம் என்று விற்கப்படும் திருட்டுப் பெட்டியும் செயலியும் சட்டவிரோதம். அவற்றின் வழியாக உங்கள் செல்போனுக்குள் யார் வருகிறார்கள் என்பதும் தெரியாது. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930க்கு அழையுங்கள்.

துண்டிக்கும்போது வாய்ப்பேச்சோடு விட்டுவிடக் கூடாது. எந்தத் தேதியிலிருந்து வேண்டாம் என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சலிலோ செயலியிலோ எழுதிக் கொடுத்து, புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெட்டி வாங்கியதா வாடகையா என்று பழைய ரசீதைப் பாருங்கள். வாடகை என்றால் பெட்டியைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு முன்பணத்தைக் கேளுங்கள். அரசு கேபிளின் விலையில்லாப் பெட்டி அரசு நிறுவனத்தின் சொத்து, திருப்பித் தர வேண்டும். யூபிஐ ஆட்டோபே வைத்திருந்தால் அதைத் தனியாக ரத்து செய்யுங்கள், இணைப்பு போனாலும் பணம் பிடித்துக்கொண்டே இருக்கும் வாய்ப்பு உண்டு.

முன்பணம் வரவில்லை, கட்டணம் நிற்கவில்லை என்றால் முதலில் வாடிக்கையாளர் சேவை, அடுத்து அந்த நிறுவனத்தின் நோடல் அதிகாரி. அங்கும் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. கடைசியாக உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் அங்கே கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் மும்பையில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.