மாத வாடகையில் குடிநீர்க் கருவி: நாம் வாங்குவது பொருளா, சேவையா?

நகரமானாலும் தோட்டப்புறமானாலும், மாத வாடகைக்குக் குடிநீர் வடிகட்டும் கருவியைப் பொருத்தியிருக்கும் வீடுகளை இன்று மலேசியாவில் காணலாம். முழு விலையையும் ஒரேயடியாகக் கட்ட வேண்டியதில்லை. சில மாதங்களுக்கு ஒருமுறை ஆள் வந்து ஃபில்டரை மாற்றிச் சுத்தம் செய்துவிட்டுப் போவார். இப்படிப் பொருளைத் தயாரிப்பவரே பராமரிப்பையும் சேர்த்து விற்பதை ஆய்வாளர்கள் 'சேவைமயமாதல்' என்கின்றனர். சாண்ட்ரா வாண்டர்மெர்வ், யுவான் ராடா ஆகிய இருவரும் 1988-இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையில் இப்பெயர் இடம்பெற்றது.

முறை அதைவிடப் பழையது. 1962-இல் பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம், சிறிய ஜெட் விமானங்களுக்கான வைப்பர் இயந்திரத்தைப் பராமரிக்க, பறக்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் இவ்வளவு என்று கட்டணம் வைத்தது. பின்னர் அந்நிறுவனத்தை வாங்கிய ரோல்ஸ் ராய்ஸ் இம்முறையைப் பெரிதாக வளர்த்தது. முன்பெல்லாம் இயந்திரம் பழுதானால் தயாரிப்பாளருக்கு உதிரிபாக வருமானம். புதிய முறையிலோ பழுது ஏற்பட்டால் நட்டம் அவருக்கே. ஆகவே, பழுதாகாத இயந்திரத்தைச் செய்வதே அவருக்கு இலாபம்.

வீட்டுப் பொருளில் இதற்குப் பெயர் பெற்றது தென் கொரியாவின் கோவே. ஆசிய நிதி நெருக்கடியில் விலையுயர்ந்த கருவிகளை வாங்க மக்கள் தயங்கியபோது, 1998-இல் அது வாடகை முறையைத் தொடங்கியது. 2006-இல் மலேசியாவுக்கும் வந்தது.

சேவையைச் சேர்த்தாலே இலாபம் கொட்டிவிடும் என்பதில்லை. பல நாட்டு நிறுவனங்களை ஆராய்ந்த பிரிட்டிஷ் ஆய்வாளர் ஆண்டி நீலி, சேவையில் இறங்கிய பெரிய நிறுவனங்களின் வருமானம் கூடுதலாக இருந்தாலும், அதில் நிகர இலாபத்தின் விகிதம் குறைவாக இருப்பதை 2008-இல் சுட்டிக்காட்டினார். ஆள்பலத்துக்கும் முதலீட்டுக்கும் ஆகும் செலவு அதிகம்.

பயனீட்டாளர் கவனிக்க வேண்டிய வேறுபாடு ஒன்று உண்டு. விமானம் பறந்தால்தான் மணிக் கட்டணம். வீட்டுக் கருவிக்கோ பயன்படுத்தினாலும் இல்லாவிட்டாலும், ஒப்பந்தக் காலம் முடியும்வரை பணம் கட்ட வேண்டும். மாதம் 100 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஐந்து ஆண்டுகளில் அது 6,000 ரிங்கிட். அந்தத் தொகையில் கருவியின் விலை மட்டுமல்ல, சேவையின் விலையும் அடங்கியிருக்கிறது. சேவை ஒழுங்காக வராவிட்டால் கொடுத்த பணத்தில் ஒரு பகுதி வீண்.

கையெழுத்திடுமுன் கேட்க வேண்டியவை: மொத்தம் எவ்வளவு கட்ட வேண்டும்? ஃபில்டர் எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மாற்றப்படும்? இடையில் நிறுத்தினாலோ வீடு மாறினாலோ கட்டணம் உண்டா? முடிவில் கருவி யாருக்குச் சொந்தம்? பதில்கள் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். சேவைக்கு ஆள் வந்துபோன தேதிகளையும் ரசீதுகளையும் பத்திரப்படுத்த வேண்டும். தகராறு வந்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை வழக்கறிஞர் இல்லாமலே பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யலாம். அங்கு இவையே சான்றாகும்.